ஜூனில் கையெழுத்து, ஜனவரியில் நாவல்: நடுவில் என்ன நடக்கிறது?

உங்கள் கேள்வி இது. முதல் நாவலுக்கு ஜூன் மாதம் ஒரு சென்னைப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டீர்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள். இப்போது செப்டம்பர் நடக்கிறது, ஒரு போன்கூட இல்லை. பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? நாமாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

கேட்கலாம். இந்த வாரமே கேளுங்கள். ஆனால் ‘எப்போது வரும்’ என்று கேட்காதீர்கள். ‘ஜனவரி’ என்ற பதில்தான் வரும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘என் நாவலை யார் எடிட் செய்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பெயர் வரவில்லை என்றால் செய்ய வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது. பதினெட்டு வருடமாகத் தமிழ் நாவல்களை எடிட் செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் எனக்குத் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்த மௌனத்துக்குக் காரணம். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. பபாசி என்கிற தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் பொங்கலை ஒட்டி அதை நடத்துகிறது. தமிழ்ப் பதிப்பகங்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். வருடத்தில் வரும் புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி ஜனவரியைக் குறிவைத்தே தயாராகின்றன. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஜூனுக்கு அடுத்த மாதமே கோவை, ஆகஸ்ட்டில் ஈரோடு என்று வெளியூர்ப் புத்தகத் திருவிழாக்கள் தொடங்கிவிடும். 2022க்குப் பிறகு அரசு ஆதரவோடு மாவட்டந்தோறும் நடப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடிவிட்டது. நம் பதிப்பகங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு பேர் வேலை செய்யும் இடங்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் ஈரோட்டில் ஸ்டாலில் நிற்பார், இன்னொருவர் பார்சல் கட்டிக்கொண்டிருப்பார். உங்கள் கோப்பு மின்னஞ்சலில் பத்திரமாகத்தான் இருக்கும். அதை யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்று மாதத்தில் ஒப்பந்தத்தை நிதானமாக ஒருமுறை படித்தீர்களா? கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை, சந்தோஷத்தில் இருப்போம். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவு நமக்குச் சாதகமாகச் சில விஷயங்களைச் சொல்கிறது. எத்தனை வருடத்துக்கு உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் வாசகர்கள் இருக்கிற மொழிக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ‘ஜனவரிக்கு வராவிட்டால் என்ன ஆகும்’ என்ற உங்கள் பயத்துக்கு இந்த ஒரு வருடம்தான் எல்லைக்கோடு.

மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிப்புத்தகம், திரைப்படம் இந்த நான்கும் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். 2023இலிருந்து தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்தி மொழிபெயர்ப்பு உரிமைகளைக் கைமாற்ற வழி செய்திருக்கிறது, நல்கையும் உண்டு. அதனால் மொழிபெயர்ப்பு உரிமை என்ற வரியைப் பழைய காலம்போல அலட்சியமாகத் தாண்டிவிட முடியாது. ராயல்டி தமிழில் வழக்கமாகப் பத்து சதவீதம். அது அச்சிட்ட விலையிலா, கழிவு போகப் பதிப்பகத்துக்கு வந்த தொகையிலா? 350 ரூபாய்ப் புத்தகத்தில் விலைக்கு என்றால் பிரதிக்கு 35 ரூபாய். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு என்றால் 22 ரூபாய் 75 காசு. முன்பணம் தமிழில் அபூர்வம், அதை எதிர்பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள்.

சரி, இப்போது எடிட்டிங். என்னிடம் இதைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நீளத்துக்குத்தான் எழுதியிருப்பேன்.

எழுத்தாளர் எழுதிக் கொடுப்பார், பதிப்பாளர் அச்சடிப்பார், நடுவில் மெய்ப்புப் பார்க்கிறவர் எழுத்துப் பிழையைத் திருத்துவார். தமிழில் நெடுங்காலம் இதுதான் முறையாக இருந்தது. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் வேறு மாதிரி செய்தார். எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசிப் பிரதியைச் செம்மைப்படுத்துவதைப் பதிப்பு வேலையின் முக்கியப் பகுதியாகவே வைத்திருந்தார். மொழியின் மேல் அதே அக்கறைதான் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலும் தெரியும். அந்த அகராதி இல்லாமல் நான் வேலைக்கு உட்காருவதில்லை. இன்றைக்கு வேறு சில பதிப்பகங்களும் எடிட்டர்களை வைத்திருக்கின்றன. ஆனால் எல்லாப் பதிப்பகங்களும் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்கச் சொன்னேன்.

எடிட்டர் உங்கள் நாவலை முதல் தடவை பேனா இல்லாமல் படிப்பார். கதை எங்கே தொடங்குகிறது, எங்கே படுத்துக்கொள்கிறது, எந்தப் பாத்திரம் நூறாவது பக்கத்தில் காணாமல் போய்விடுகிறது என்று பார்ப்பார். முதல் நாவல்களில் நான் அடிக்கடி காண்பது இரண்டு. ஒன்று, முதல் இருபது பக்கம் ஊரையும் தெருவையும் வர்ணித்த பிறகே கதை தொடங்கும். அந்த இருபது பக்கம் எழுத்தாளர் ஊருக்குள் நுழைவதற்கு எழுதிக்கொண்டது, வாசகருக்குத் தேவைப்படாது. இன்னொன்று, கடைசி அத்தியாயத்தின் அவசரம். எழுதி முடித்துவிட வேண்டும் என்ற களைப்பு பக்கத்தில் அப்படியே தெரியும். இதையெல்லாம் எடிட்டர் ஒரு கடிதமாக எழுதியோ நேரில் உட்கார்ந்தோ சொல்வார். நீங்கள் திருத்தி எழுத மூன்று வாரமாவது வேண்டும்.

இரண்டாவது தடவைதான் வரிக்கு வரி. தகவல் பொருத்தம் முதலில். கதை 1994இல் நடக்கிறது, ஒருவர் செல்போனை எடுக்கிறார். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலை 31இல்தான். சுனாமி அன்று பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. 1985இல் போகிற அரசுக் கடிதத்தின் முகவரியில் ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்ற பெயர் மாறியது 1996இல். ஆடி மாதம் ஊர்கூடிக் கல்யாணம் நடக்கிறது. அது காதலர்கள் அவசரமாகச் செய்துகொண்ட கல்யாணம் என்றால் பரவாயில்லை, பெரியவர்கள் பார்த்து வைத்தது என்றால் ஊரே வாயை மூடிக்கொண்டு இருக்குமா? இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள் வரும். இதில் எதையுமே எழுதுகிறவரால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு அந்த உலகம் முழுமையாக மனத்தில் இருக்கிறது. பக்கத்தில் என்ன விழுந்திருக்கிறது என்பதை வெளியாள்தான் பார்க்க முடியும்.

பிறகு மொழி. கோயிலா கோவிலா, ஒரு பக்கத்தில் ‘வந்துகிட்டு’, மறு பக்கத்தில் ‘வந்துக்கிட்டு’. ஒற்று மிகுமா மிகாதா. பேச்சு வழக்கில் ஒற்றை என்ன செய்வது என்பது தீராத சண்டை. உங்கள் நாவல் திருநெல்வேலிப் பேச்சில் இருந்து, எடிட்டர் தஞ்சாவூர்க்காரர் என்றால் ஒரு உதவி செய்யுங்கள். வட்டாரச் சொற்களை, நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டலோடு ஒரு பட்டியலாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஐம்பது, நூறு சொல் இருந்தால் போதும். அந்தப் பட்டியல் எடிட்டரிடமிருந்து, பக்கங்களை வடிவமைக்கும் லே-அவுட் செய்பவருக்கும், அவரிடமிருந்து மெய்ப்புப் பார்ப்பவருக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடு யாராவது ஒருவர் உங்கள் ‘சவுட்டினான்’ என்பதை ‘மிதித்தான்’ ஆக்கிவிடுவார்.

திருத்தங்கள் திரும்பி வரும்போது முதல் நாள் கோபம்தான் வரும். எல்லாருக்கும் வரும். கோப்பை மூடி மூன்று நாள் தள்ளி வையுங்கள். நான்காம் நாள் திறந்தால் பாதித் திருத்தங்கள் சரி என்றே படும். மிச்சத்தில் பாதியை எடிட்டர் சொன்ன விதத்தில் இல்லாமல் உங்கள் விதத்தில் சரிசெய்ய வழி தெரியும். கடைசியாக நிற்கிற கொஞ்சத்துக்கு ‘இது இப்படியே இருக்கட்டும்’ என்று எழுதுங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும்கூட, பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையை எழுத்தாளருக்கு விட்டுவைக்கிறது. ஒரு நல்ல எடிட்டரோடு விஷயம் சட்டம்வரை போகாது. தன் பேனா உங்கள் நடையில் தெரியக்கூடாது என்பதில் உங்களைவிட அவர் கவனமாக இருப்பார்.

முந்நூறு பக்க நாவலுக்கு இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய எனக்கு ஆறு வாரம் ஆகும். நீங்கள் திருத்த மூன்று வாரம். செப்டம்பர் நடுவில் தொடங்கினால் நவம்பர் நடுப்பகுதி. பிறகு லே-அவுட், மெய்ப்பு, அட்டை, அச்சு எல்லாம் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஜனவரி இடிக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பதிப்பகங்கள் எடிட்டிங்கைக் குறைத்துவிடுகின்றன. அச்சகத்தின் நாட்களைக் குறைக்க முடியாது, பைண்டிங் நாட்களைக் குறைக்க முடியாது, குறைக்கக்கூடியது இது ஒன்றுதான். எடிட்டர் யார் என்ற கேள்விக்கு ‘நாங்க பாத்துக்குவோம்’ என்று பதில் வந்தால், மரியாதையாக இப்படிச் சொல்லுங்கள்: ‘ஜனவரி தவறினாலும் பரவாயில்லை, ஒருமுறை எடிட் ஆக வேண்டும், நானே ஒருவரை ஏற்பாடு செய்யட்டுமா?’ நிறையப் பதிப்பாளர்கள் நிம்மதியாகச் சம்மதிப்பார்கள். ஆள் இல்லாத குறைதான் அவர்களுக்கு, மனம் இல்லாத குறை இல்லை.

எடிட்டிங் சமயத்திலேயே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். நாவலில் சினிமாப் பாட்டு வரிகள் வருகின்றனவா? பாரதியின் வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம், அவை எப்போதோ மக்கள் சொத்தாகிவிட்டன. ஆனால் சட்டப்படி ஒருவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். கண்ணதாசன் காலமானது 1981இல். அப்படியென்றால் 2041 முடியும்வரை. நான்கு வரிப் பல்லவியை அத்தியாயத்தின் தலையில் போட ஆசை இருந்தால், அனுமதி கேளுங்கள், அல்லது வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்தது என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வழியே கதைக்கும் நல்லது.

அப்புறம் லே-அவுட். நீங்கள் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள். பல லே-அவுட் நிலையங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை. யூனிகோடிலிருந்து அந்த எழுத்துருவுக்கு மாற்றும்போதும், திரும்ப மின்னூலுக்காக மாற்றும்போதும் எழுத்துகள் உடையும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்து ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகிவிடும். ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு (ா) மேல் ஒரு புள்ளி நிற்கும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். அச்சில் இவை கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியலாம். மின்னூலில் தேடும்போது சொல் கிடைக்காது, ஒலியாக மாற்றும்போது உளறும். எந்த மென்பொருளில் லே-அவுட், யூனிகோடா என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல லே-அவுட் ஆளை எனக்கு ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். தமிழில் சொற்கள் நீளம். வரியை இரு பக்கமும் சமமாக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அதைத் தவிர்க்கச் சொல்லை உடைக்க வேண்டும், உடைத்தால் அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ஒரு வரி ‘க்’ என்றோ ‘த்’ என்றோ தொடங்கினால் படிக்கிறவர் கண் தடுக்கி விழும். பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் தலையில் போய் நிற்கக் கூடாது. இதையெல்லாம் மென்பொருள் தானாக முழுவதும் சரியாகச் செய்துவிடாது. ஒருவர் பக்கம் பக்கமாகக் கையால் சரிசெய்கிறார். புத்தகத்தில் அவர் பெயர் பெரும்பாலும் உரிமைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். முடிந்தால் அவரிடம் நேரில் பேசி நன்றி சொல்லுங்கள்.

லே-அவுட் முடிந்ததும் முதல் மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான பக்கங்கள், வரும். வழக்கமாக இரண்டு மெய்ப்பு, நல்ல இடங்களில் மூன்று. இதில் ஒன்று உங்களிடம் வரும். பெரும்பாலும் பி.டி.எஃப். ஆக வரும். தயவுசெய்து அச்செடுத்துப் பாருங்கள். திரையில் நம் கண் வழுக்கிக்கொண்டு போகும். மெய்ப்பில் நாவலைத் திரும்ப எழுத ஆசை வரும், அதை அடக்குங்கள். ஒரு பத்தியைச் சேர்த்தால் அங்கிருந்து அத்தியாயம் முடியும்வரை எல்லாப் பக்கமும் நகர்ந்து, கையால் சரிசெய்த அத்தனையும் கலையும். இந்தக் கட்டத்தில் தவறை மட்டும் திருத்துங்கள்.

பழைய அச்சுக்கூடங்களில் ஒப்புநோக்குவது என்று ஒரு வேலை இருந்தது. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர்வார். நான் இன்றைக்கும் உரையாடல் நிறைந்த அத்தியாயங்களை அப்படித்தான் பார்க்கிறேன். வீட்டில் யாராவது ஒருவர் கிடைத்தால் நீங்களும் செய்யுங்கள். விடுபட்ட வரியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டாம் மெய்ப்பில் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திருத்தம் ஏறிய வரி, அதற்கு மேல் வரி, கீழ் வரி மூன்றையும் படிக்க வேண்டும். புதிய பிழை எப்போதும் பழைய பிழையைத் திருத்திய இடத்துக்குப் பக்கத்தில்தான் பிறக்கிறது.

பல வருடத்துக்கு முன்னால் எனக்கே நேர்ந்தது. எழுத்தாளர் கடைசி நேரத்தில் ‘கலா’ என்ற பாத்திரத்தின் பெயரை ‘மாலா’ ஆக்கச் சொன்னார். ஒரு பெயர்தானே என்று மொத்தமாக மாற்றும் கட்டளை கொடுத்தோம். புத்தகம் அச்சாகி வந்தது. ‘கலாட்டா’ எல்லாம் ‘மாலாட்டா’, ‘கலாச்சாரம்’ எல்லாம் ‘மாலாச்சாரம்’. அந்தப் பிரதிகளைத் திரும்பப் பெற முடியவில்லை. அந்த எழுத்தாளரின் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து மெய்ப்புக்குப் பிறகு பெயர் மாற்றம் என்றால் ஒவ்வொரு இடமாகப் போய்த்தான் மாற்றுகிறேன்.

உள்பக்கங்கள் இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சில சின்ன வேலைகள் நடக்கும். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண்ணைப் பதிப்பகம் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் விண்ணப்பித்து வாங்கும். இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கென்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மின்னூலுக்குத் தனி எண். முன்னுரை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் அக்டோபருக்குள் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். பெரிய எழுத்தாளர்களிடம் டிசம்பரில் இப்படிப் பத்துப் பிரதிகள் காத்திருக்கும். என் சொந்தக் கருத்து, முதல் நாவலுக்கு யாருடைய அணிந்துரையும் தேவையில்லை. வாசகர் நேராக உங்கள் முதல் வரிக்கு வரட்டும். பின்னட்டைக் குறிப்பை மட்டும் மற்றவர் எழுதட்டும். நம் கதையை நாமே ஐந்து வரியில் சொல்லவே முடியாது.

அட்டை. தமிழில் ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது போன்ற ஓவியர்கள் நூல்களுக்கு வரைந்த அருமையான மரபு இருக்கிறது. இன்றைக்கும் நல்ல அட்டை வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நாவலைப் படித்துவிட்டுத்தான் வரைவார்கள், அதற்கும் நாள் வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தை அனுமதியில்லாமல் அட்டையில் போட யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதுகுப் பட்டை எவ்வளவு அகலம் என்பது கடைசிப் பக்க எண்ணும் தாளும் முடிவான பிறகே தெரியும், அதனால் அட்டை முழுமையாவது கடைசியில்தான். அட்டையை உங்களுக்குக் காட்டுவார்கள். தலைப்பிலும் உங்கள் பெயரிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உள்ளே ஐந்து பேர் படித்திருப்பார்கள், அட்டையை யாரும் படித்திருக்க மாட்டார்கள், பார்த்திருப்பார்கள்.

அச்சகத்தில் கணக்கு பாரத்தில் (ஃபார்ம், ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதி) ஓடும். டெம்மி அளவில் ஒரு பாரம் என்றால் 16 பக்கம். 272 பக்கம் என்றால் சரியாக 17 பாரம். 276 வந்தால் அந்த நான்கு பக்கத்துக்காகக் கூடுதலாகத் தாளும் வேலையும். அப்போது லே-அவுட்டில் வரிகளை நெருக்கி நான்கு பக்கத்தைக் குறைப்பார்கள், அல்லது கடைசியில் பதிப்பகத்தின் மற்ற நூல்களின் பட்டியல் வரும். உள்ளே 70 ஜி.எஸ்.எம். தாள், வெள்ளையா மங்கலான இயற்கை நிறமா, அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, மேட் லாமினேஷன். நாவலுக்கு இயற்கை நிறத் தாளைக் கேளுங்கள், நெடுநேரம் படிக்கக் கண்ணுக்கு இதம். ஒரு காலத்தில் முதல் பதிப்பு என்றாலே 1200 பிரதி அச்சடிப்பார்கள். நூலகத் துறை மொத்தமாக வாங்கியதும் அதற்கு ஒரு காரணம். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறை வந்துவிட்டதால் 300, 500 என்று தொடங்கித் தீரத் தீர அடிக்கிறார்கள். சின்ன எண்ணைக் கேட்டு மனம் தளர வேண்டாம். உங்களுக்கு அதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிசம்பர் அச்சகங்களுக்கு நெருக்கடியான மாதம். எல்லாப் பதிப்பகமும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அது வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. ஈரக் காற்றில் தாள் நெளியும், லாமினேஷன் செய்த அட்டை சுருளும், ஒட்டிய பசை காய நாளாகும். பைண்டிங்கில் அவசரப்பட்டால் இரண்டாவது தடவை திறக்கும்போது பக்கம் கையோடு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பதிப்பகங்கள் பலவற்றின் புத்தகக் கட்டுகள் தண்ணீரில் ஊறிப்போயின, ஜனவரி காட்சி தள்ளிப்போய் 2016 ஜூனில் தீவுத்திடலில் நடந்தது. 2021, 2022இல் கொரோனாவால் அது பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. காட்சித் தேதியே இப்படி நகரும்போது, உங்கள் நாவல் மார்ச்சில் வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஜனவரியில் வரும் ஆயிரம் புத்தகத்துக்கு நடுவில் இல்லாமல் தனியாக நிற்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

டிசம்பரில் முன்பதிவு அறிவிப்பு வரும், விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பணம் பதிப்பகத்தின் அச்சுச் செலவுக்கு உடனடி உதவி. அதனால் நண்பர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள். வெளியீட்டு விழா வைப்பதானால் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் போன்ற இடங்களை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பேசுகிறவர்களுக்குப் புத்தகம் பத்து நாளாவது முன்னால் கிடைக்க வேண்டும். முதல் பிரதியை யார் பெற்றுக்கொள்வது என்று பதிப்பகம் ஒரு பிரபலத்தைச் சொல்லும். உங்களுக்கு அந்த நாவலை எழுத வைத்த ஆள் யாராவது இருந்தால், ஊரில் இருக்கும் உங்கள் அத்தையோ, ஆசிரியரோ, அவர் கையில் கொடுங்கள். நான் பார்த்த விழாக்களில் மனத்தில் நிற்பவை அவைதான்.

வெளியான பிறகு பதிப்பகம் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினீர்களா என்று நீங்களும் ஒருமுறை கேளுங்கள். கடைகளில் தீர்ந்து போன எத்தனையோ தமிழ் நாவல்களை நான் கன்னிமாராவில்தான் போய்ப் படித்திருக்கிறேன்.

உங்களுக்கு எழுத்தாளர் பிரதிகள் வரும், வழக்கமாகப் பத்து. எல்லாவற்றையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றின் முதல் பக்கத்தில் பென்சிலால் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதித் தனியாக வையுங்கள். இத்தனை பேர் பார்த்த பிறகும் பிழை இருக்கும். முதல் தடவை திறக்கும்போதே ஒன்று கண்ணில் படும். வாசகர்கள் போன் செய்தும் சொல்வார்கள். எல்லாவற்றையும் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். 300 பிரதிதான் அச்சடித்தார்கள் என்றால் ஐந்தாறு மாதத்தில் அடுத்த அச்சுக்குப் போன் வரும். அன்றைக்கு அந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.